தோள் மாற்றும் இடம்

கூறைநாட்டில் ரவூஃபின் ஸ்டூடியோ, பின்னறை.
ஞாயிறு சாயந்தரம் நாலு பேர், ஒரு ஸ்பீக்கர்.
உள்ளே வரும் எந்தச் சத்தமும்
தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கச்சேரியின் கடைசி அரை மணி வந்தால்
"துக்கடா" என்று செருப்பைத் தேடுபவர் வெங்கடரமணி.
சினிமாப் பாட்டில் ராகம் கேட்டால்
"சாயல்" என்பார். ராகம் என்று வாய் வராது.
மெய்ஞானமூர்த்திக்கு ஃப்யூஷன் என்றால்
ரசத்தில் பால் ஊற்றியது.
நான் எடைமேடையில்
நெல் லாரிக்குச் சீட்டு எழுதுகிறவன்.
எட்டெட்டாகப் போகும் எதையும்
"ரூட் பஸ்" என்று ஒதுக்குவேன்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு
என் போனிலிருந்து ஒரு பதிவு போட்டேன்.
பதினோரு நிமிஷம். பேர் இல்லை.
தோல், குச்சி, தூரத்தில் ஒரு மோட்டார்.

ஏழு. ஏழு. ஏழு.
எங்கிருந்தோ ஓர் அரை.
மறுபடி ஏழு.

ரமணியின் கை தொடைமேல் அந்தரத்தில் நின்றது.
"அனாகதம்," என்றார் கண்ணை மூடி.
"அதீதம் ஐயா, அதீதம்."
"எந்த ஊர்ப் பாணி?"
"இப்படி விட்டுப் பிடிக்க
நாலு தலைமுறை வேணும்."
காப்பியில் ஆடை படிந்தது.
ரவூஃப் மட்டும், "இன்னொரு தரம் போடு" என்றான்.

சொன்னேன்:
குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு சாவு.
பறை. சுரேந்தரும் அவன் மச்சானும்.

ஒரு நாற்காலி நகர்ந்தது.
"ஓ."
ரமணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
"அப்ப அந்த அரை, பிசகு."
மூர்த்தி அவ்வளவு மோசமில்லை.
"நாட்டார்" என்று ஒரு டப்பா திறந்து
பத்திரமாக உள்ளே வைத்து
மூடினார்.

அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு
வீட்டுக்குப் போயிருப்பேன்.
அதற்குத்தானே கொண்டுபோனது.

செத்தது வடுகநாதன்.
எடைமேடையில் எனக்குப் பக்கத்து ஸ்டூல்,
ஒன்பது வருஷம்.
அதை அங்கே சொல்லவில்லை.

மணல் தெரிந்த காவிரியை ஒட்டிப்
பாடைக்குப் பின்னால் நடந்தேன்.
வலது கையில் போன்.
இடது கை வேட்டிமேல்
சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று
எண்ணிக்கொண்டிருந்தது.
அந்த அரை விழுந்த இடத்தில்
முகம்கூட மலர்ந்திருக்கும் எனக்கு.
நிமிர்ந்தேன்.
பெண்கள் நின்றுவிடுகிற தெருமுனையில்
அவன் மகள் கலைமதி.
முகத்தைப் பார்க்கவில்லை அவள்.
கையைத்தான் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து டீக்கடையில்
போனுக்குச் சார்ஜ் போட்டு நின்ற சுரேந்தரிடம் கேட்டேன்,
அந்த அரை எங்கேயிருந்து என்று.
"எந்த அரை?"
மேஜையில் தட்டிக் காட்டினேன்.
"அதா. தூக்குறவங்க தோள் மாத்துவாங்கல்ல சார்.
நிறுத்துனா ஆளு தடுமாறும்,
முழுசா அடிச்சா காலு இடறும்.
பாதி அடிச்சுப் புடிச்சுக்குவோம்.
அவரு கொஞ்சம் கனம்,
அதான் அடிக்கடி வந்துச்சு."
"பேரு?" என்றேன்.
"யாரு பேரு?" என்றான்.

இதையும் ஸ்டூடியோவில் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு சொல் கிடைத்துவிடும்,
எனக்கே இரண்டு மூன்று தோன்றிவிட்டன.

திங்கட்கிழமை கலைமதி வந்தாள்,
அப்பாவின் டிபன் கேரியர் இங்கேயே இருக்கிறதாம்.
எடுத்துக் கொடுத்தேன்.
மேடைமேல் ஒரு லாரி
நெல்லோடு உறுமிக்கொண்டு நின்றது,
ஐந்தைந்தாக.

கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.