பன்னிரண்டாவது பீப்பாய்

டிசம்பர் இருபத்து மூன்று. ஃபுர்னா துறைக்கு
இரண்டு நாள் தாமதமாய்க் கப்பல்.
அமெரிக்காவிலிருந்து வந்த நீலப் பீப்பாய்கள்
சீர் கொண்டுவந்த தாய்மாமன்கள்போல்
யாராவது உள்ளே அழைக்கட்டுமென்று
வெயிலில் நிற்கின்றன.

என்னுடையது ஏற்றத்தில் முனகும் கிழட்டு டொயோட்டா.
பிராவா தீவில் கிறிஸ்துமஸ் என்றால் எனக்கு
இடுப்பு வலியும் டீசல் கடனும்.

பதினொன்றை இறக்கிவிட்டேன்.
பன்னிரண்டாவதில் எழுதியிருந்தது:
எர்மெலிந்தா தவாரெஸ்.

அக்டோபரில் புதைத்தோம் அவளை.
பிராக்டனில் மகன் மூடியை அடைத்தது செப்டம்பரில்.
கடலுக்கு யார் சொல்வது?

கையெழுத்து யார் போடுவதென்று
சுங்க அதிகாரி தலையைச் சொறிந்தான்.
நான் போட்டேன்.
மகன் போனில் "திறந்துடுங்க" என்றான்.
அப்புறம் பேச்சில்லை,
பனி வாரும் மண்வெட்டிச் சத்தம் மட்டும்.

மறுநாள் இரவு, பூசை மணிக்கு முன்
தெருவே அவள் வாசலில்.
மூடியை நெம்பினேன். சோப்பு வாசனை;
போகாதவர்களுக்கு அமெரிக்கா அதுதான்.
அரிசி, எண்ணெய், டின் மீன்,
இந்தத் தீவில் எவரும் போட முடியாத
கம்பளிக் கோட்டு ஒன்று.
அடியில் காலணிகள்.

ஜூலையில் பிள்ளைகளைக் காகிதத்தில் நிற்கவைத்து
பாதத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டுவாள்,
கூசி நெளிந்தால் குட்டு.
உறைக்குள் கடல் தாண்டும் அந்தப் பாதங்கள்.

ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் அவள் போட்ட கோடு.
ஜெய்ல்சனுக்கு விரல் இடித்தது.
ஐந்து மாதத்தில் வளர்ந்திருந்தான். அழுதான்.
தம்பிக்குப் போனது.
நெலீடா புதுக் காலோடு உட்கார்ந்து
கோழிக்கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

கடைசி ஜோடி ஆண் அளவு, பழுப்புத் தோல்.
காகிதத்தில் அவள் எழுத்து: வண்டிக்காரன்.

நான் அவளுக்கு அளவு கொடுத்ததே இல்லை.
வாடகையில் எப்போதும் ஐம்பது எஸ்குடோ பாக்கி வைப்பாள்.
அதற்காகவே, கைகாட்டியும் நிறுத்தாமல்
போனதுண்டு.

பிறகு பொறி தட்டியது.
மத்தியானத்தில் கதவைத் திறந்துபோட்டு
உள்ளங்காலை வெளியே நீட்டித் தூங்குகிறவன் நான்.
ஒருநாள் ஈ என்று உதறினேன்.

சுண்டுவிரல் பக்கம்
கோடு கோணிப் போயிருந்தது.

நள்ளிரவுப் பூசைக்கு அதைத்தான் போட்டுப் போனேன்.
ஒரு சுற்றுப் பெரிசு,
நான் உதறிய அளவு.
நற்கருணை வாங்க நடந்தபோது
கோயில் முழுக்கக் கேட்டது,
டப், டப்.