மீசைக்கும் ஆசை

முகமூடியின் ஓரத்தை
விரலால் அழுத்திக்கொண்டே வந்த டாக்டர் மிர்னா
மூக்குக்குக் கீழே நின்றார்.
"இங்கே கசிகிறது."

அங்கே இருந்தது என் மீசை.

ஐம்பத்தோரு குளிர்காலம்
பனி அதில் உறைந்து உருகியிருக்கிறது.
டிராம் ஓட்டிய காலத்தில்
என் பெயர் தெரியாதவர்களுக்கும்
மீசைக்காரர் வண்டி எதுவென்று தெரியும்.
எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன்,
அதில் மண் ஒட்டியதில்லை.
இப்போது ஒட்டுவது கரி.
காலையில் துடைத்தால்
கைக்குட்டையில் ஒரு சாம்பல் கோடு.

சரயேவோ ஒரு கிண்ணம்.
டிசம்பரில் யாரோ மேலே ஒரு தட்டை வைத்து
மூடிவிடுகிறார்கள்.
சரிவு வீடுகளின் நிலக்கரி, பழைய டீசல் கார்கள்
எல்லாம் உள்ளேயே கிடந்து வேகும்,
எங்களோடு சேர்ந்து.

டாக்டர் எழுதித் தந்த தாளை
ஷெஃபிகா குளிர்பெட்டியில் ஒட்டினாள்,
மின்கட்டண ரசீதுக்கு மேலே.
எழுந்ததும் போனில் எண்ணைப் பார்.
ஊதா நிறம் என்றால் ரொட்டிக்கும் போகாதே.
சன்னல் மதியம் மட்டும், எண் இறங்கினால், பத்து நிமிடம்.
மூச்சு மருந்து சட்டைப்பையில் இருக்கட்டும்,
கோட்டுப்பையில் அல்ல,
கோட்டு கதவோரம் தொங்கும், நீ கட்டிலில் இருப்பாய்.
(இந்த வரி மட்டும் ஷெஃபிகாவின் கையெழுத்து.)

சன்னலோரம் நிற்காதே என்று
முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள் எங்களுக்கு.
நாலு குளிர்காலம்.
அதை இங்கே யாரும் நீட்டி முழக்குவதில்லை.

மேல்சரிவில் ரெஃபிக் இருக்கிறான்.
அவன் புகைபோக்கி என் சன்னலுக்கு நேர் எதிரே.
"உன் புகையைத்தான் நான் குடிக்கிறேன்" என்றேன் போனில்.
"குடி, குடி. காசா கேட்டேன்?"
என்று சிரிக்கப் போனவனை
இருமல் பிடித்துக்கொண்டது.
விடவே இல்லை.
வாங்கும் ஓய்வூதியத்தில்
அவன் வேறு எதை எரிப்பான்?
நானும் காத்திருந்தேன், போனைக் காதில் வைத்தபடி,
என் பங்குக்கு இருமிக்கொண்டு.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
என் கூழ் மூச்சாக இருந்தது, அவ்வளவுதான்.

சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து
துணி வெட்டும் கத்தரியால் வெட்டினாள்,
பிறகு சவரக்கத்தி.
கடைசி இழுப்பு முடிந்ததும் இரண்டடி தள்ளி நின்று
"யாரப்பா இது?" என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
மேலுதடு இவ்வளவு மெல்லியதென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த நாள் எண் முந்நூற்றுப் பத்து.
முகமூடி ஒட்டிக்கொண்டது, கசியவில்லை.
மெல்ல நடந்து கேபிள் கார் ஏறினேன்.
ஷெஃபிகாவுக்கு உயரம் ஆகாது.
பாதி வழிவரை கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமில்லை,
பழுப்புப் பால்.
பிறகு சட்டென்று வெயில்.
பைன் மரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

எங்களைக் குறி பார்த்த மலை இது.
மூச்சு வாங்க இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

மேலே பெஞ்சுகள் எல்லாம் எங்கள் வயதுக்காரர்கள்.
கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி,
சூரியகாந்தித் தோட்டம்போல.
இடம் இருந்த ஒன்றில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினேன்.
வெற்று உதட்டில் குளிர் சுரீரென்றது.

பக்கத்தில் ரெஃபிக்.
என்னைப் பார்த்தான், தெரியவில்லை.
"கீழே ஒரு டிராம்காரன் இருக்கிறான்" என்றான்,
எல்லா அந்நியரிடமும் பேசுகிறவன் அவன்,
"நாள் தவறாமல் போன். புகை, புகை, புகை.
இன்றைக்கு இன்னும் வரவில்லை.
என்ன ஆயிற்றோ."

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று
தலையை மட்டும் ஆட்டினேன்.

பிளாஸ்க்கைத் திறந்து
மூடியில் பாதிக் காப்பி ஊற்றி நீட்டினான்.
"குடி, குடி" என்றான்.

குடித்தேன்.