கெல்மிஷ்

கப்பலூர் சிட்கோவில்
சேமியா எந்திரம் நின்று ஏழு நாள்.
அச்சின் வாயில் பாதி வந்த மாவு
காய்ந்து மீசையாகத் தொங்கியது.

இஸ்மிரிலிருந்து தோல்கா எழுதினான்:
மாகினெனிஸின் பார்ச்சாஸி கெல்மிஷ்.
போன் அதை மொழிபெயர்த்தது:
உங்கள் எந்திரத்தின் பாகம் வந்தது.

வந்தது என்றால் வந்தது.
மறுநாள் விடியுமுன் மண்டேலா நகரில்
தூத்துக்குடி பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன்,
பையில் பில் நகல், ஓனர் தந்த சீல், நாலு இட்லி.

துறைமுகத்து குடோனில்
குமாஸ்தா திரையை என் பக்கம் திருப்பினார்.
கப்பல் இன்னும் கொழும்பில்.
"யாரும்மா சொன்னா, வந்துருச்சுன்னு?"

யார் சொன்னார்கள்.

திரும்பும்போது, எட்டயபுரம் தாண்டி,
வாக்கியத்தைக் கழற்றினேன்,
எங்கள் ஃபிட்டர் சமயன் கியர்பாக்ஸைக் கழற்றி
தினசரித் தாளில் பரப்புவதுபோல.
மாகினெ, எந்திரம்.
நிஸ், உங்கள். நாம் முன்னால் வைப்பதை
அவன் பின்னால் செருகியிருக்கிறான்.
இன்.
அட, இன்!
எந்திரத்தின் என்பதில் உட்கார்ந்திருக்கும் அதே இன்,
அங்கிருந்து இங்கே வந்ததோ, இங்கிருந்து போனதோ,
எங்குமே போகாமல் சும்மா ஒரு முகஜாடையோ.
பார்ச்சாஸி, அதன் பாகம்.
எந்திரத்தில் போட்ட முடிச்சு போதாதென்று
பாகத்திலும் ஒரு முடிச்சு.
வினை கடைசியில், நம் வீட்டுப் பேச்சு மாதிரி.
கெல், வா.
மிஷ்.

மிஷ் மட்டும் மிச்சம்,
எல்லாம் மாட்டிய பிறகும் உள்ளங்கையில்
தங்கிவிடும் வாஷர்.

கேட்டேன். பதில் வந்தது:
மங்கை ஹனிம், நான் பார்த்திருந்தால் கெல்தி.
ஏஜென்ட் சொன்னான், ஆகையால் கெல்மிஷ்.

என் பெயர் மங்கையர்க்கரசி.
அரசியை இஸ்மிரில் வெட்டிவிட்டான்,
மரியாதையை மட்டும் நம்மைப்போல
பெயருக்குப் பின்னால் ஒட்டினான்.

அருப்புக்கோட்டையில் ஏறிய அம்மா
முன்சீட்டில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு:
"ரயில்வேயாம். சொந்த வீடாம்.
தண்ணியே தொட மாட்டாராம்."
மூன்று ஆம். மூன்று மிஷ்.
பொய் என்று சொல்லவில்லை,
மெய் என்று கையெழுத்தும் போடவில்லை.
கேட்டது கேட்டபடி, சரக்குக்குப் பொறுப்பில்லை.

அவன் வந்ததாம் என்றான்.
நான் வந்தது என்று படித்தேன்.
ஒரு ஆமின் விலை
போகவர முந்நூற்றுப் பத்து ரூபாய்,
வீண்செலவுக் கணக்கில்.

மண்டேலா நகரில் இறங்கவேண்டியவளை
மாட்டுத்தாவணியில் கண்டக்டர் எழுப்பினார்.
"ரெண்டு தடவை கூப்பிட்டேனேம்மா."
எனக்குத் தெரியாது. நான் தூங்கினேனாம்.
சொந்தத் தூக்கத்துக்கே
நான் சாட்சியில்லை; கண்டக்டர்தான்.
இதை அவன் மொழியில் எப்படி என்றேன்.
உயுமுஷூம், என்றான்.
பக்கத்து உயிரின் வாய் குவிந்தால்
மிஷ்ஷும் குவிந்து முஷ் ஆகிவிடுமாம்.
ஆமாம், ஆகிவிடுமாம். அவன் சொன்னான்.

பதினோராம் நாள் லாரியில் மரப்பெட்டி.
"வந்துருச்சாமே?" என்று ஓனர் ஓடிவந்தார்.
ஒரு நிமிஷம் இருங்க என்று
ஆணி பிடுங்கி, எண்ணெய்த்தாள் பிரித்து,
பல்சக்கரத்தில் விரலை வைத்து,
கருத்த விரலாலேயே எழுதினேன்:
கெல்தி.

சமயன் குந்தி உட்கார்ந்து
பற்களை எண்ண ஆரம்பித்தார்,
சத்தமாக.