கேள்விக்கு இவ்வளவு

மொகோக். காலை ஒன்பது.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டதை
நான் பர்மியத்தில் கேட்கிறேன்:
"பதினைந்துக்குக் கீழே யாராவது வேலையில்?"
மேஸ்திரி கோ தான் ஸின் சிரிக்கிறார்.
இல்லையாம்.
கட்டத்தில் ஒரு டிக்.

கழிமண் மேட்டில் பெண்கள்
சல்லடை ஆட்டுகிறார்கள்.
கிடைத்தால் அவர்களுக்கே, அது இங்கே வழக்கம்.
அந்த வழக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

தரகர் செபஸ்தியான்
கெம்பை வெயிலில் தூக்கிப் பிடித்து
"குற்றமில்லை" என்றார், தமிழில்,
என்னைப் பார்த்து.
கல்லிலா, குழியிலா?
கல்லில் என்றுதான் மொழிபெயர்த்தேன்.

திரும்புகையில் குழிவாயில்
ஈரச் செருப்பு ஒரு ஜோடி,
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.
அவர் ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கூலி
கேட்ட கேள்விக்கு மட்டும்.