ஏழாம் எண் சீட்டு

படம் காட்டுவது என் வேலை.
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம்
துளசிராமின் முகமும் நானும்.
அந்தப் பக்கம் திறந்த மண்டை,
டாக்டர் செந்தாமரை, அவர் கையில் மின்முனை.

இது என்ன?
இது குடை.
இது என்ன?
இது சாவி.
'இது' என்று தொடங்கினால்தான் கணக்கு.
வாய் நின்றதா, பெயர் மட்டும் நின்றதா என்று
அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

படம் அலுத்தபோது நிறுத்தங்களைச் சொல்லச் சொன்னேன்.
பதினாறு வருடக் கண்டக்டர்.
பெரியார், சிம்மக்கல்,
ஆத்துப்பாலம் தாண்டி கோ...
கண் திறந்திருக்கிறது. உதடு அசையவில்லை.
வைகைக்கு மேல் நிற்கிறது வண்டி.
மின்முனையை எடுத்ததும்
'கோரிப்பாளையம், இறங்குறவங்க முன்னாடி வாங்க!'
மயக்க மருந்து டாக்டர் சிரித்துவிட்டார்.
அந்த இடத்தில் நகக்கண் அளவு காகிதச் சீட்டு வைத்தார்கள்:
மூன்று.

ஏழாம் இடத்தில் எல்லாமே வந்தது.
குடை, சாவி, சீப்பு.
வெட்டலாம் என்றார் செந்தாமரை.
அப்போது துளசிராம் சொன்னார்: 'பாணி.'
பிழை என்று குறிக்கப் போனேன்.
நாக்கு உதட்டைத் தடவியதைப் பார்த்துத்தான்
தண்ணீர் என்று புரிந்தது.
நனைத்த பஞ்சை வைத்தேன்.

சௌராஷ்டிரம். வீட்டில் பேசுவது.
படிவத்தில் தாய்மொழிக் கட்டத்தில்
கேட்காமலே தமிழ் என்று எழுதியது நான்தான்.

கருவி கழுவும் அறையிலிருந்து
குமுதினியைக் கூட்டி வந்தார்கள்.
முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்.
அவள் கேட்டாள், அவர் சொன்னார்,
எனக்குத் தெரியாத குடை, எனக்குத் தெரியாத சாவி.
ஏழில் மின்முனை.
வீட்டுப் படம்.
'இது'வுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் வந்தது.
அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை.
மறுபடி.
குமுதினி தலையாட்டினாள், இல்லை.
நான் கேட்டேன்.
இது வீடு என்றார், உடனே,
கண்ணோரம் நீர் வழிய.

கொஞ்ச நேரம் மானிட்டர் மட்டும் பேசியது.
இதற்கு அடியில்தான் மிச்சம் இருக்கிறது
என்றார் செந்தாமரை.
பிறகு, தனக்கே சொல்வதுபோல,
புளியங்கொட்டை அளவு. இருக்கட்டும்.

நான்காம் நாள் வார்டில்
இட்லியைப் பிட்டபடி மனைவி என்னவோ கேட்டார்.
அவர் என்னவோ சொன்னார், நீளமாக, தட்டுத் தடுமாறி.
நடுவில் ஒரு பஸ் நம்பர் வந்தது.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை.
தாளில் 'சரி' என்று குறித்தேன்.
அதன் கீழே,
மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.