அறுநூறு கிராம்

புதன்கிழமை பரிசோதகர் வந்தார்,
இரும்புப் படிக்கற்களை மரப்பெட்டியில் தூக்கிக்கொண்டு.
ஐம்பது கிலோவை என் தராசில் ஏற்றினார்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.
இறக்கினார், ஏற்றினார்.
அதே நாற்பத்தொன்பது புள்ளி நான்கு.

"தட்டுக்குக் கீழ உமி அடைஞ்சு கிடக்கு."
துடைத்தார், திருகினார், ஈய முத்திரை குத்தினார்,
தேத்தண்ணி குடித்தார்.
"இனிப் பிழையில்லை."
அவருடைய மோட்டார்சைக்கிள்
மாங்குளம் றோட்டில் ஏறி மறைந்தது.

இனிப் பிழையில்லை.
முந்தி?

மல்லாவியில் என் மில்லைத் தெரியாத ஆள் இல்லை.
வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைவதில் பாதி
இந்தத் தட்டில் ஏறித்தான் இறங்கும்.
இந்தச் சிறுபோகத்துக்கு மட்டும்
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
றெஜினா கல்குலேற்றரைத் தட்டினாள்.
இரண்டரைத் தொன் நெல்.
காசாக்கினால் இரண்டு இலட்சத்து எழுபத்தெட்டாயிரம்,
எட்டு ரூபாய் குறைய.

ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணை, இதைச் சொன்னால்
களவெடுத்துப்போட்டு இப்ப பயந்திட்டினம் எண்டுதான் கதைப்பினம்.
சொல்லாட்டில் ஒண்டுமில்லை.
லீசிங் காசு இருபதாம் திகதி.
வேணுமெண்டால் அடுத்த போகம்
கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடப் போடுவம்.
அவைக்கும் லாபம், எங்களுக்கும் நல்ல பேர்."

நல்ல யோசனை.
அன்றிரவு அதைப் பாயாக விரித்துப் படுத்துப் பார்த்தேன்.
எங்கேயோ ஒரு நெல் குத்திக்கொண்டே இருந்தது.
கடனைப் பரிசாகச் சுற்றிக் கொடுப்பது
களவைவிடக் கொஞ்சம் கெட்டித்தனமானது,
அவ்வளவுதான்.

காலையில் சொன்னேன்:
"துருசுத் திறப்பு கையில இருக்கிறவனுக்குக்
குளம் சொந்தமில்லை, றெஜினா."
அவள் நிமிராமலே சொன்னாள்:
"துருசுக்கு லீசிங் இல்லை, அண்ணை."

இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

இங்கே ஆட்கள் துண்டைத் தொலைப்பதில்லை.
அடவு வைத்த நகைக்குத் துண்டு,
கூப்பன் மட்டை, வங்கிப் புத்தகம்,
எல்லாம் பொலித்தீனில் சுற்றி
பதுங்குகுழி பதுங்குகுழியாகக் கொண்டு திரிந்தார்கள்.
திரும்பி வந்தபோது துண்டு இருந்தது.
துண்டில் எழுதியிருந்ததுதான் இல்லை.
அப்படிப்பட்டவர்கள்
என் தராசின் சிவப்பு எழுத்தைப் பாராமலே
தலையாட்டிவிட்டு லாண்ட்மாஸ்டரைத் திருப்பினார்கள்.

அந்தத் தலையாட்டலை எந்தப் பக்கத்தில் பதிவது,
வரவிலா, கடனிலா?
றெஜினா பதில் சொல்லவில்லை.
கடித உறைகளை எடுத்துப்
பெயர் எழுதத் தொடங்கினாள்.
லீசிங்காரனுக்கு நான் போன் எடுத்தேன்.
அவன் கத்தியதை எழுதினால் கவிதை கெடும்.

சனிக்கிழமை கொடுத்தோம்.
சுகிர்தமலர் எண்ணினாள், கையெழுத்து வைத்தாள், மறுபடி எண்ணினாள்.
கந்தவனம் அறுபது மூட்டை என்று நின்றார்;
புத்தகத்தில் நாற்பது, நாற்பதுக்குத்தான் கொடுத்தேன்,
கேற் தாண்டும்வரை ஏசிக்கொண்டு போனார்.
இன்னொருத்தர் காசை வாங்கி மடியில் செருகிவிட்டு
மிச்ச நெல்லைத்
துணுக்காய் மில்லுக்கு ஏற்றினார்.
அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாகப் பொன்னுத்தங்கம்.
பதினெட்டு மூட்டை.
ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டு ரூபாய்.
நன்றி சொல்லவில்லை, ஏசவும் இல்லை.
உறையை இரண்டாக மடித்தபடி கேட்டா:

"அப்ப தம்பி, காலபோகத்துக்கு?"

உமி எப்ப அடைந்ததென்று
எந்தத் தராசும் சொல்லாது.
வாசலில் நின்றவர்களின் கதை நின்றது.
இல்லையென்று சொல்லியிருக்கலாம்,
முத்திரையைக் காட்டியிருக்கலாம்.
"தெரியாதக்கா" என்றேன்.

அவ போகவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.
நான் ஒன்றும் சொல்லாமலே றெஜினா எழும்பி,
மேல்தட்டிலிருந்து பழைய புத்தகத்தை இறக்கி
மேசை விளிம்பில் தட்டினாள்.

உமி பறந்தது.