நியூகாசில் நேரம்

மிதக்கும் முதியோர் இல்லம் என்றார் மால்கம்.
எனக்கு அறுபத்தெட்டு, அவருக்கு எழுபத்தொன்று.
அப்படியானால் பொருத்தம்தானே என்றேன்.

சாப்பாட்டு மேசைக்கு டை கட்டச் சொல்வான் என்றார்.
குடலைப் புரட்டும் என்றார்.
எல்லாம் இலவசம், அதனால் எதுவும் உருப்படியாக இராது என்றார்;
மறுநாளே,
எதுவும் இலவசமில்லை, தண்ணீருக்கும் கணக்கெழுதுவான் என்றார்.
ஒரே மனிதர் ஒரே வாயால்
இரண்டு பக்கமும் துடுப்புப் போடுவது
நாற்பத்து நான்கு வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது.

உள்ளூர அவர் பயந்தது வேறொன்றுக்கு:
"ஏறிவிட்டால் இறங்க முடியாது, க்ளெனிஸ்.
மூவாயிரம் பேரோடு
ஒரு தகரப் பெட்டிக்குள்."

நார்த் ஷீல்ட்ஸில் மழையோடு ஏறினோம்.
வட கடல் அன்று இஸ்திரி போட்ட துணி.
டை கட்டி வந்தவர் ஒரே ஒருவர், அது மால்கம்.
பக்கத்து மேசையில்
சண்டர்லாண்ட் மருத்துவமனைச் செவிலியர் ஐவர்,
முப்பதைத் தாண்டாதவர்கள்,
இரவுப்பணி இன்னும் கலையாத கண்களோடு
இரண்டாம் முறை இனிப்புக் கேட்டார்கள்.
தண்ணீர் இலவசம். காபி இலவசம்.
நல்ல காபி இலவசமில்லை;
அதை மட்டும் ஊருக்குப் போய்ச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் இரவு ஒலிபெருக்கி சொன்னது:
கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுங்கள்.

கேட்ஸ்ஹெட் பணிமனையில்
முப்பத்தொரு வருடம் பேருந்துகளுக்கு நேரம் பார்த்தவர் இவர்.
எவனோ ஓட்டுநர் நான்கு நிமிடம் பிந்தினால்
எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு கசக்கும்.
"கப்பலுக்காக என் மணியை மாற்றுவதா?
மனசில் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போயிற்று."

ஓலசுண்டில்
நானூற்றுச் சொச்சம் படி ஏறி ஊரைப் பார்க்கக் கிளம்பினார்.
என் முழங்கால் என்னைப் பத்தாம் தளத்தில் உட்கார வைத்தது.
ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.
ஐந்தே முக்காலுக்கு அறைக்கதவில் தட்டல்.
எங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கும் ரோடெல்,
அவன் பின்னால் வெள்ளைச் சட்டை அதிகாரி.
"அம்மா, கணக்கில் ஒருவர் குறைகிறார்."

காத்திருப்பீர்கள்தானே என்றேன்.
என் பங்குக்கு நான் நம்பி வந்தது அது ஒன்றுதான்:
ஓடிவருபவரைப் பக்கக் கண்ணாடியில் பார்த்து
பிரேக்கில் கால் வைக்கும் ஓட்டுநர்போல
கப்பலுக்கும் ஒரு கண்ணாடி இருக்கும் என்று.

அதிகாரி தரையைப் பார்த்தார்.
பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தேன்,
கரையில் முகவரிடம் விட்டுப் போக.
அதே உறையில் ரத்த அழுத்த மாத்திரை இரண்டு,
துவைத்த காலுறை ஒரு ஜோடி.
"ஐந்தரை, மால்கம்" என்று மேலே எழுதினேன்.

கயிறு அவிழ்த்தபின் வந்தார்.
ஓடவில்லை.
கையில் ரொட்டிக்கடைப் பை, நடையில் அப்படியொரு நிதானம்.
அவர் கணக்கில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி.
பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

நடுவில் நாற்பதடித் தண்ணீர்.
மானம் கப்பலேறிவிட்டது, மனிதர் ஏறவில்லை.
செவிலியர் ஐவரும் கைதட்டினார்கள்,
யாருக்கென்று அறியாமலே.
கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள்;
கிளம்பிப் போனால் வைக்கலாமா என்று
எவரும் சொல்லிவைக்கவில்லை.
வைத்தார்.
நான் கையசைத்தேன்.
வேறென்ன செய்ய?

அன்றிரவு செவிலியர் மேசையில் சாப்பிட்டேன்.
கட்டிலின் நடுவில் படுத்தேன்.
பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை,
திரையை மூடவும் தோன்றவில்லை.
நன்றாகத் தூங்கினேன்.
இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் பெர்கன் துறையில்
எங்களுக்கு முன்பே நின்றிருந்தார்,
இரவுப் பேருந்தில் கசங்கிய சட்டை,
பையில் எனக்கென்று நசுங்கிப்போன இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று.

ஏறும் வாசலில் அதே அதிகாரி.
"நலமா, ஐயா?"

மால்கம் மணிக்கட்டைத் திருப்பினார்.
"எட்டு மணி என்று அச்சடித்திருக்கிறீர்கள்.
எட்டு நாலுக்குத்தான் கயிறு கட்டினீர்கள்."

என் கடிகாரத்தைப் பார்த்தேன்.
சரியாகத்தான் சொன்னார்.